வங்கக் கடலுக்கு மேலே நாலு மணி நேரம்

புத்தக அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பழைய நாவல் ஒன்றைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வெள்ளை அட்டை ஒன்று நழுவிக் காலடியில் விழுந்தது. சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய குடிநுழைவு அட்டை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கப்போகும் முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. ஒரு கட்டமும் நிரப்பப்படவில்லை. விமானத்தில் கூடுதலாகக் கொடுத்ததைப் பக்க அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்திருக்கிறேன்.

இந்த அட்டை இப்போது இல்லை. 2020இலிருந்து எல்லாம் இணையத்தில்தான். புறப்படுவதற்கு முன்பே போனில் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். நம் ஊரிலும் இந்தியர்கள் வந்து இறங்கும்போது எழுதும் படிவத்தை 2014இலும், புறப்படும்போது எழுதுவதை 2017இலும் நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான், வரிசை சீக்கிரம் நகர்கிறது. ஆனால் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அலமாரி பாதியில் நின்றது.

அப்போது சிங்கப்பூரின் ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. வீடு நங்கநல்லூரில். மீனம்பாக்கத்திலிருந்து ராத்திரி விமானம். அந்த நாளில் ஒருவரை வழியனுப்ப ஊரே வேன் பிடித்து வந்திருக்கும். மாலை, விபூதி, அழுகை எல்லாம் முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் விமானம் மேலே ஏறும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபிறகு அட்டை வரும். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பேன். அவ்வளவுதான், பின்வரிசையிலிருந்து ஒரு கை பாஸ்போர்ட்டை நீட்டும். "அண்ணே, இதையும் கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்க." அதற்குப் பின்னால் இன்னொன்று. சில இரவுகளில் என் மடியில் ஒரு சின்ன பாஸ்போர்ட் ஆபீசே நடக்கும்.

எழுதுவது லேசான வேலை இல்லை. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் முன்னால் இருக்கும், சிலருக்குப் பின்னால், சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். தங்குமிட முகவரிக்குப் பாலிதீன் உறைக்குள் நாலாய் மடித்த கம்பெனி தாளை எடுத்துக் கொடுப்பார்கள். வியர்வையில் மடிப்பெல்லாம் நைந்திருக்கும். "தம்பி, என்ன வேலைன்னு போடட்டும்?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "அங்க போனாத்தாண்ணே தெரியும்" என்றான். தாளைப் பார்த்துக் கட்டுமானத் தொழிலாளி என்று எழுதினேன். "பில்டிங் வேலையா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தச் சிவப்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். சொன்னவுடன், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடிக்கு ஏதும் ஆகுமா என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. அட்டையை எழுதி முடிக்கும்போது ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அடகு வைத்த ஐந்து பவுன், வட்டிக்குக் கொடுத்த சித்தப்பா, பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தை என்று ஒரு முழு வாழ்க்கை என் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். கேட்டு வாங்கியதில்லை. கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நாலு மணி நேரம், வேறு போக்கிடம் இல்லை. பேச்சு தானாக வந்தது.

பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்பக்கச் சுவரில் ஒரு திரை, அதில் ஒரே ஒரு படம். முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் போயிற்று. காதில் மாட்டிக்கொள்ளத் தருவது கம்பியே இல்லாத வெறும் பிளாஸ்டிக் குழாய். ஒலிபெருக்கி கைப்பிடிக்குள் இருக்கும்; சத்தம் குழாய்க்குள் இருக்கும் காற்றின் வழியாகவே காதுக்கு வரும். 1960களில் அமெரிக்க விமானங்களுக்காகச் செய்தது அது. எளிமையான, அழகான ஏற்பாடு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். இருக்கைக்கு ஒரு திரை என்பது பிற்பாடு வந்தது. 1992இல் எமிரேட்ஸ் எல்லா வகுப்புக்கும் வைத்தபோது அதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். எனக்குப் படங்களைவிட வரைபடம்தான் பிடித்தது. நீலக் கடல்மேல் ஒரு குட்டி விமானம் நகரும். உயரம், வேகம், வெளியே எத்தனை டிகிரி குளிர் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். நிகோபார் தீவுகள் திரையில் வந்துவிட்டால் பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்று கணக்கு.

எங்கள் பெரியப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பயணமாகவே படவில்லை. அவர் ரஜுலாவில் போனவர். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை நம் ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிய கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரம். சீட்டாட்டம், பாட்டு, வாந்தி, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள். கப்பலில் பழகிய நாகூர்க்காரர் ஒருவர் எங்கள் அக்கா கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். "நாலு மணி நேரத்துல என்னத்தடா பழகறது? பக்கத்துல இருக்கறவன் பேரைக் கேக்கறதுக்குள்ள இறக்கி விட்டுர்றான்" என்பார் பெரியப்பா. விமானம் வந்து மனிதர்களைப் பிரித்துவிட்டது என்பது அவருடைய தீராத குறை. இன்று இணையம் வந்து பிரித்துவிட்டது என்று என் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது.

இனி சொல்லப்போவதை அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

1990களில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் ஒரு விமானம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அறந்தாங்கிப் பக்கம். கையில் ஒரு துணிப்பை மட்டும். காலில் வேலைக்குப் போடும் பூட்ஸ், அதில் காய்ந்த சிமெண்ட். ஊருக்குப் போகிறவர்களின் கால் அப்படி இருக்காது. புது ஷூ, புதுச் சட்டை, கழுத்தில் செயின் என்றுதான் போவார்கள். விமானம் மேலே ஏறி வெகுநேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கேட்டார்: "சார், எடுத்திருப்பாங்களா?"

அம்மா இறந்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் வந்து, முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்து, சைட்டிலிருந்து நேராக சாங்கி விமான நிலையம் வந்திருக்கிறார். சித்திரை வெயில். ஐஸ் பெட்டியெல்லாம் அப்போது கிராமங்களுக்கு வந்திருக்கவில்லை. இவர்தான் மூத்த பிள்ளை. சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர மறுநாளாகிவிடும். வைத்திருப்பார்களா, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்களா என்பதுதான் கேள்வி. "மூத்த பிள்ளை வராம எடுக்க மாட்டாங்க" என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "எடுத்திருப்பாங்களா சார்?"

இருக்கைக் கைப்பிடியில் ஒரு போன் இருந்தது. டிவி ரிமோட்டைத் திருப்பினால் மறுபக்கம் எண்கள், ஓரத்தில் கிரெடிட் கார்டு தேய்க்க ஒரு பள்ளம். நெடுந்தூர விமானங்களில் அப்போதுதான் அந்த வசதி வந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் வழியாகத் தரையிலிருக்கும் போனைக் கூப்பிடலாம். நிமிடத்துக்குச் சில டாலர்கள். அவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். என்னிடமும் அப்போது அந்தக் கார்டு கிடையாது. இருந்தாலும் எந்த எண்ணுக்குப் போடுவது? அவர் வீட்டில் போன் இல்லை. முக்கு ரோட்டு மளிகைக் கடையின் பி.பி. நம்பர்தான் இருந்தது, கடை அடைத்த பிறகு அதில் யாரும் எடுக்க மாட்டார்கள். போனை மறுபடி அதன் குழிக்குள் வைத்தார். சாப்பாடு வந்தது, வேண்டாம் என்றார். தண்ணீர்கூட வாங்கவில்லை. அன்றைக்கு நாலு மணி நேரமும் அந்த ஒரு கேள்வியைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. என்னாலும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. வரைபடத்தில் அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகரவே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும், எனக்கே தோன்றியது.

மீனம்பாக்கத்தில் கூட்டத்தில் கலந்து போய்விட்டார். முகம் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பல வருடம் கழித்து, 2004இல், லுஃப்தான்சா விமானத்தில் இணையம் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த பூட்ஸ்தான். மியூனிக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறக்கும் விமானம். 'கனெக்ஷன்' என்ற பெயரில் போயிங் நிறுவனம் நடத்திய சேவை. பயணம் முழுவதற்கும் ஏறக்குறைய முப்பது டாலர். மடிக்கணினி வைத்திருக்கும் அதிகாரிகளுக்கானது அது. ஆள் சேரவில்லை, 2006 கடைசியில் மூடிவிட்டார்கள். ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பே வந்து முன்பே போன வசதி. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் வேறு மாதிரி முயன்றார்கள். செல்போன் கோபுரங்களின் ஆண்டெனாவை வானம் பார்த்துத் திருப்பி வைத்து, மேலே போகும் விமானத்துக்கு இணையம் கொடுத்தார்கள். நிலத்துக்கு மேலே பறக்கிறவர்களுக்கு அது சரி. வங்கக் கடலில் கோபுரத்தை எங்கே நடுவது? நமக்குச் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழி கிடையாது.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலச் சுற்றுகின்றன. நாம் அனுப்பும் ஒரு வரி அவ்வளவு தூரம் ஏறி, தரைக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கே அரை விநாடி ஆகிவிடும். இப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் ஓடுகின்றன. கத்தார் ஏர்வேஸ் 2024இல் தன் போயிங் 777 ஒன்றில் அவற்றின் வழியாக இணையம் தரும் வசதியைப் பொருத்திப் பறந்தது. விமானத்தின் முதுகில் மாட்டுத் திமில் போல ஒரு புடைப்பு தெரிந்தால் அதற்குள் இருப்பது செயற்கைக்கோளோடு பேசும் ஆண்டெனாதான். ஏறும்போது அதைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

விமான இணையத்துக்கு நம் நாட்டில் சட்டம் வந்தது 2018 டிசம்பரில். விமானம் மூவாயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டியபின் பயன்படுத்தலாம் என்று விதி. 2025 புத்தாண்டில் ஏர் இந்தியாவின் சில உள்நாட்டு விமானங்களில் இலவசமாகவே தரத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2023 ஜூலையிலிருந்து, உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் கட்டணம் இல்லை.

மேலே இருந்து நான் அனுப்பிய முதல் செய்தி மனைவிக்கு. ஜன்னலுக்கு வெளியே மேகத்தை ஒரு படம் எடுத்து, 'நிகோபாருக்கு மேலே இருக்கிறேன்' என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. 'நல்லதாப் போச்சு. சிலிண்டர் காலி. உங்க நம்பர்லதான் பதிஞ்சிருக்கு. புக் பண்ணிடுங்கோ.' பண்ணினேன். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், கீழே கடல், வெளியே ஐம்பது டிகிரி குளிர், கேஸ் பதிவான செய்தி வந்து நிற்கிறது. இத்தனை வருடம் என்னை மீனம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு மறுநாள் போன் மணிக்காக அவள் காத்திருந்த ராத்திரிகளை அப்போது நினைத்துக்கொண்டேன். அவளும் நினைத்திருப்பாள். அடுத்து வந்த செய்தி, 'ஏறினதுலேர்ந்து தூங்கலியா?'

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "யாரும் நம்மளத் தேட முடியாத இடம் அது ஒண்ணுதான் இருந்தது. அதையும் கெடுத்துட்டான்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருடக் கணக்கு முடிக்கும் மாதங்களில் அந்த நாலு மணி நேர மௌனத்துக்காகவே நானும் ஏங்கியிருக்கிறேன். தடித்த நாவல்களை நான் படித்து முடித்ததெல்லாம் அங்கேதான். ஆனால் அந்த நிம்மதி, கீழே எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கிடைப்பது. வேலைக்குப் போகிறவர்களும் துக்கத்துக்குத் திரும்புகிறவர்களும் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் எத்தனை பேருக்கு அது இருந்தது? நண்பரோடு இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சமீபத்தில் பேரன் பிறந்தநாளுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் ஒரு பையன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். மேலே பெட்டி எதுவும் வைக்கவில்லை. கண் சிவந்திருந்தது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"அப்பா சார்" என்றான். முந்தின நாள் சாயங்காலம். திருச்சி விமானத்தில் இடம் கிடைக்காமல் சென்னைக்கு எடுத்திருக்கிறான். இறங்கிக் காரில் இன்னும் ஆறு ஏழு மணி நேரம் போக வேண்டும். நான் முதலில் கேட்டது, "தம்பி, உன் போன்ல வைஃபை போட்டியா?" என்றுதான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. செய்தி மட்டும் அனுப்ப அந்த விமானத்தில் காசு இல்லை. போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்தேன். இருக்கை எண்ணும் பெயரின் பின்பாதியும் கேட்டது. அப்பா பெயரைப் போடச் சொன்னேன். விரல் நடுங்கி இரண்டு தடவை தப்பாக அடித்தான். பிறகு நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் விழுந்தன. தம்பி அனுப்பியிருந்தான்: 'ஐஸ் பெட்டி வந்துருச்சு.' 'பெரியப்பா சொல்லிட்டாங்க, நீ வந்தப்புறந்தான் எடுக்கறது.' 'ஏர்போர்ட்ல மாமா கார் நிக்கும். டிரைவர் நம்பர் இது.' இவன் எழுதியது ஒரே வரி: 'அம்மா ஏதாச்சும் சாப்ட்டாங்களா?' பதில் வர ஒரு நிமிடம் ஆனது. 'அத்தை கஞ்சி குடுத்தாங்க. கொஞ்சம் குடிச்சுச்சு.' அதைப் படித்துவிட்டு அவன் ஒரு மூச்சு விட்டான் பாருங்கள், கைப்பிடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அது தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். வேண்டாம் என்று அனுப்பிய சாப்பாட்டைப் பணியாளரைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தான். அப்பா தென்னை மரம் ஏறுகிறவர். கஜா புயலில் சுற்றுவட்டாரத் தோப்பெல்லாம் சாய்ந்தபோது ஏறுவதற்கு மரமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். 2018 நவம்பரில் அடித்த அந்தப் புயலுக்குப் பிறகுதான் இவனை வெளியே அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வந்தவர், உள்ளே போகிற மகனைப் பார்க்காமல் மேலே போகிற விமானத்தையே பார்த்தாராம். எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டாராம். இவனுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் தெரிந்துகொண்டு போனில் சொன்னபோது, அத்தனை உயரத்துக்குத் தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் எத்தனை வரும் என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது பையன் சிரித்தான், அழுதான். வழி முழுக்க அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அறந்தாங்கிக்காரருக்கும் அவர் அம்மாவைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்திருக்கும். ஒரே ஒரு பதில் கிடைத்திருந்தால் பேசியிருப்பார்.

நம் தொழிலாளிகள் அதிகம் போகும் விமானங்கள், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறக்கும் மலிவுக் கட்டண விமானங்கள். அவற்றில் பலவற்றில் இந்த வசதி இல்லை; இருக்கும் சிலவற்றிலும் காசு கேட்கிறார்கள். படம் பார்க்க, பாட்டுக் கேட்கக் காசு வாங்கட்டும். நாலு வரி எழுதி அனுப்புவதற்கு ஆகும் இணையம் ஒன்றுமே இல்லை. அதை எல்லா விமானத்திலும் எல்லாருக்கும் சும்மா கொடுக்க வேண்டும் என்று ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

சென்னையில் கதவு திறந்ததும் அந்தப் பையனை முதலில் விடச் சொல்லி முன்வரிசைகளில் இருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் நம்பரை வாங்கிக்கொண்டு ஓடினான். மறுநாள் செய்தி வந்தது. 'முகம் பாத்துட்டேன் சார். நல்லபடியா முடிஞ்சது.' அடுத்த வாரம் இன்னொன்று, பதினாறாம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லி. மனைவியிடம் காட்டினேன். "போய்ட்டு வாங்கோ" என்றாள். போனேன். வாசலில் பந்தல், பக்கத்துத் தோப்பில் கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா அருகில் வந்து நின்று, "மேல பக்கத்துல ஒக்காந்து வந்தவங்க நீங்கதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "கஞ்சி குடிச்சனான்னு கேட்டான்ல அப்ப" என்றார்கள்.